நல்ல மவுத்து

இத்தா முடிந்த மறுநாள் காலையிலேயே சபூரா கதவைப் பூட்டிவிட்டுப் போலீஸ் நிலையத்துக்குப் புறப்பட்டாள். கணவர் இறந்து நாலு மாதம் பத்து நாள். ஊர் திரும்பியதிலிருந்து கிள்ளான் பண்டமாரான் வீட்டை விட்டு அவள் வெளியே வரவில்லை. ஊர்தான் அவளைத் தேடி வந்தது. வந்தவர்கள் எல்லாரும் ஒன்றையே சொன்னார்கள். ஹஜ்ஜுக்குப் போன இடத்தில், அந்த மண்ணிலேயே அடக்கம். கவுஸ் மைதீனுக்குக் கிடைத்தது நல்ல மவுத்து, அப்படிச் சாக யாருக்கு நசீபு இருக்கிறது? கூட்டிப்போன ஏஜெண்டும் ஒரு பெட்டி பேரீச்சம்பழத்தோடு வந்து அதையே சொன்னார். அவள் தலையாட்டினாள். அந்தத் தலையாட்டலை நினைத்தால் இப்போதும் பற்றிக்கொண்டு வந்தது.

அவள் கண்டது வேறு. முறையான ஹஜ் விசா இல்லாததால் ஹாஜிகள் தங்கும் கூடாரத்துக்குள் அவர்களை விடவில்லை. ஏறப் பஸ்ஸும் இல்லை. வழிகாட்ட வந்தவன் போனை அணைத்துவிட்டான். கொதிக்கிற தார்ச்சாலையில் மூன்று மணி நேரம் நடந்து, ஒரு பாலத்துத் தூணோரம் கவுஸ் உட்கார்ந்தார். அதுவரை வியர்த்து ஊற்றியவருக்கு வியர்வை நின்றிருந்தது. "நீ போ, நான் வந்துர்றேன்" என்றார். ஆம்புலன்ஸ் வந்தபோது உடம்பு மட்டும் சுட்டது.

அடுத்த ஹஜ்ஜுக்கு அதே ஏஜெண்டிடம் அவள் தம்பி சீனி நைனா, மனைவி மெஹர்பானுவையும் சேர்த்துப் பெயர் கொடுத்திருந்தான். சபூரா போனில் சொல்லிப் பார்த்தாள்.

"சும்மா இருங்க லாத்தா. மச்சான் மாதிரி போறதுக்குக் கொடுத்து வச்சிருக்கணும்."



நிலையத்தில் அவள் சொல்லச் சொல்லக் கணினியில் தட்டிக்கொண்டிருந்த சார்ஜன் விமலன் கையை எடுத்தார்.

"ஆன்டி, அது ஹஜ் விசா இல்லன்னு ஒங்களுக்குத் தெரியுமா?"

சபூரா மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டாள். அரசாங்க ஹஜ் வரிசையில் நின்றால் இந்த ஆயுசில் முறை வராது. கவுஸ்தான் தயங்கினார். எல்லாரும் போறாங்க, நமக்கு மட்டும் என்ன என்று மூன்று வாரம் அரித்துக் கையெழுத்துப் போட வைத்தவள் அவள்.

"தெரியும் தம்பி. அதையும் எழுதுங்க."

"எழுதினா கேஸ் நிக்காது லா. தெரிஞ்சுதானே வந்தாங்கன்னு அவன் சொல்லுவான்."

"சொல்லட்டும். நான்தான் அவரப் புடிச்சு இழுத்துட்டுப் போனேன். எழுதுங்க."

சாயங்காலத்துக்குள் சேதி பரவிவிட்டது. சீனி நைனா போனில் அழைத்தான். "மச்சானோட மவுத்தக் கொண்டுபோயி போலீஸ்ல அசிங்கப்படுத்திட்டீங்களே! இனிமே எனக்கு லாத்தாவே இல்ல."

இரண்டு வாரம் கழித்து விமலன் கூப்பிட்டார். ஏஜெண்டின் கிள்ளான் அலுவலகம் பூட்டிக் கிடக்கிறதாம். ஏஜெண்டு பிரிக்பீல்ட்ஸில் வேறு பெயர்ப் பலகை மாட்டிவிட்டார் என்பது, ஒருநாள் நடுப்பகலில் மெஹர்பானு வந்து சொல்லித்தான் தெரிந்தது.

"நான் வந்தது அவருக்குத் தெரியாது மைனி" என்றாள் கேட்டருகே நின்றபடியே. "நிசமாவே நடக்க முடியாதா? கொஞ்ச தூரந்தாங்கறாரு."

தம்பியிடம் சொல்லியாயிற்று, போலீஸிலும் சொல்லியாயிற்று. சபூரா செருப்பை மாட்டிக்கொண்டு கேட்டைத் திறந்தாள். துறைமுகம் போகும் சாலையில் கண்டெய்னர் லோரிகள் புழுதி கிளப்பிக்கொண்டிருந்தன. கடையோர நிழலை விட்டு விலகி வெயிலில் இறங்கி நடந்தாள். பின்னால் மெஹர்பானுவின் செருப்புச் சத்தம் தொடர்ந்தது. இரண்டாவது சிக்னலைத் தாண்டியதும் அது இழுத்து இழுத்துக் கேட்டது. சபூரா நிற்கவில்லை. கையை மட்டும் பின்னால் நீட்டினாள்.