துருவரசிக்கு ஒரு காரணம்

1

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். இந்தக் கதை என்னுடையது இல்லை. படக்கதை வரையும் என் அக்கா சாப்பாட்டு மேசையில் திட்டித் தீர்த்ததிலிருந்து சுட்டது.

அவள் உருவாக்கிய வில்லியின் பெயர் துருவரசி. பாலமோ பீரங்கியோ, அவள் தொட்டால் துருப்பிடித்து உதிர்ந்துவிடும். அவளுக்கு உலகம் முழுவதும் வேண்டும்.

"எதுக்கு வேணும்?" என்று கேட்டாராம் பத்திரிகை ஆசிரியர். வம்பு அங்கேதான் ஆரம்பித்தது.

2

முதல் தொடக்கம்: மழை பெய்த ஒரு மாலையில், தனிமையில் வாடிய அக்கா—

(வேண்டாம். அக்கா வாடுகிற ரகம் இல்லை, அடுத்தவரை வாட்டுகிற ரகம்.)

இரண்டாவது தொடக்கம்: நேராக அலுவலகம். விரலெல்லாம் மையோடு அக்கா நிற்கிறாள்.

"போன இதழ் வில்லன் மண்டையோட்டு மாமா எதுக்கு சார் நிலாவைத் திருடினான்? அவனை யாராவது கேட்டீங்களா?"

"அவனுக்கு ஆசைம்மா."

"இவளுக்கும் ஆசைதான்."

"பொம்பளைக்கு வெறும் ஆசைன்னா வாசகர் நம்ப மாட்டாங்க. ஒரு காதல் தோல்வி வை. கடைசிப் பக்கத்துல நம்ம ஹீரோ வைரத்தோளன் கையில விழுந்து, மன்னிப்புக் கேட்டுச் சாகட்டும்."

அந்தப் பத்திரிகையின் வழக்கம் அது. வில்லன்கள் கடைசிப் பக்கத்தில் ஜன்னல் வழியாகத் தப்பித்து அடுத்த இதழுக்கு வந்துவிடுவார்கள். வில்லிகள் திருந்துவார்கள் அல்லது செத்துப்போவார்கள். இடமிருந்தால் இரண்டும்.*

* அக்கா சொந்தமாகப் படைத்த ஒரே ஆள் துருவரசிதான். அவள் செத்தால் அக்கா பழையபடி வைரத்தோளனின் தொடைத் தசைக்கு மை தீட்டப் போக வேண்டும். இது அடிக்குறிப்பில் வர வேண்டிய விஷயமே இல்லை.

3

இங்கே எனக்கொரு சந்தேகம். ஒரு கெட்டவளுக்காக அக்கா ஏன் இப்படி மல்லுக்கட்டுகிறாள்? கதையென்றால் காரணம் வேண்டாமா? எழுதினேன்: 'பல வருடங்களுக்கு முன் அவளை ஏமாற்றிவிட்டுப் போன அந்த—'

"யாருடா அவன்?"

அக்கா எனக்குப் பின்னால் நின்று படித்துக்கொண்டிருந்தாள்.

"சும்மா, கதைக்காகக்கா..."

"என்னை எவனும் ஏமாத்தலை. எனக்கு அவளைப் பிடிச்சிருக்கு, அவ்வளவுதான். உனக்கும் எங்க சாருக்கும் என்னடா வித்தியாசம்?"

(அவர் சம்பளம் தருகிறார். இதை நான் வாய்விட்டுச் சொல்லவில்லை. எனக்கு அக்கா வீட்டில்தான் சாப்பாடு.)

பத்தியை அடித்துவிட்டேன். வெட்கமாகத்தான் இருந்தது.

4

இன்று கடைசிப் பக்கம் அச்சுக்குப் போகிறது. அச்சகத்து ஆள் வண்டியை அணைக்காமல் வாசலில் நிற்கிறார். பக்கம் சாப்பாட்டு மேசையில் கிடக்கிறது.

வசனக் குமிழிகளை ஆசிரியர் எழுதி அனுப்புவார், அதில் ஒரு எழுத்தையும் தொடக் கூடாது. அக்கா அவற்றைப் படத்தில் ஒட்டி, பேசுகிறவர் வாயை நோக்கி ஒரு வால் வரைவாள். குமிழி அவருடையது, வால் அக்காவுடையது.

கட்டத்தில், விழப்போகிறவளைத் தாங்க வைரத்தோளன் மண்டியிட்டுக் கை நீட்டியிருக்கிறான். துருவரசியோ இன்னும் விழவில்லை. நிமிர்ந்து நிற்கிறாள். அதை மாற்ற நேரமில்லையாம்.

ஒரு குமிழி: "நான் செய்ததெல்லாம் தவறு. என்னை மன்னித்துவிடு!"

இன்னொன்று: "மன்னித்தேன். எழுந்திரு."

அக்கா பேனாவை மையில் தோய்த்துக்கொண்டு இரண்டு வாய்களையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"வேலை போயிடும்கா."

"தெரியும்."

"கை தவறிடுச்சுன்னு சொல்லிக்கலாம்."

"எதுக்கு? பண்ணினா வேணும்னுதான் பண்ணுவேன். கேட்டா அப்படியே சொல்லுவேன்."

5

முடிவு (அ): ஆசிரியர் சொன்னபடியே அக்கா வரைகிறாள். துருவரசி நிமிர்ந்து நின்றபடியே செத்துப்போகிறாள்.

முடிவு (ஆ): வால்கள் இடம் மாறுகின்றன. மண்டியிட்டபடி வைரத்தோளன் மன்னிப்பு—

"நகருடா, வெளிச்சத்தை மறைக்கிறே."

நகர்ந்துவிட்டேன். இங்கிருந்து எனக்கு மேசை தெரியவில்லை. உங்களுக்குத் தெரியும். எந்த வாய்க்கு எந்த வால் என்று நீங்களே வரைந்துகொள்ளுங்கள். தவறிப்போய் மட்டும் வரையாதீர்கள்.