எதிரே வந்தவள்

"முன்வாசல் வேணாம்டா ஆதி, கொல்லப்பக்கமா சுத்திக்கினு வா," என்று அப்பா பச்சையப்பன் தெருவிலேயே கையை நீட்டித் தடுத்துவிட்டார்.

கும்மிடிப்பூண்டி ரயிலடியிலிருந்து வெயிலில் வந்த ஆதிநாராயணனுக்கு முதலில் ஒன்றும் விளங்கவில்லை. பட்டாளத்துக்குப் போகும்போது இதே வாசலில் மாலை போட்டுத்தான் அனுப்பினார்கள். இப்போது அவன் செத்தவன். செத்ததாகத் தந்தி வந்து, வைக்கோலில் உருவம் செய்து கொளுத்தி, பதினாறாம் நாள் காரியத்தையும் ஊர் கூடி முடித்த பிறகு, அவன் பாட்டுக்கு டிரங்குப் பெட்டியோடு வந்து நின்றால் ஊர்தான் என்ன செய்யும்? காரியம் முடிந்தவன் முன்வாசல் வழியாக நுழையக் கூடாது என்பது வழக்கம். பெட்டியைத் தூக்கிக்கொண்டு சுற்றிப் போனான்.

கொல்லையில் அம்மா ஜானகியம்மாள் ஆரத்தித் தட்டோடு காத்திருந்தாள். அழுது அழுது முகம் வீங்கியிருந்தது. மகன் வேலிப் படலைத் தாண்டும் நேரத்தில் அவள் கண் கிணற்றடிக்குப் போயிற்று. அங்கே ஒருத்தி வாளிக் கயிற்றைப் பிடித்தபடி அசையாமல் நின்றுகொண்டிருந்தாள்.

"ஏண்டி, புள்ள வர்ற நேரத்துல எதுர்ல நிக்கிறியே. மறைவா போ," என்றாள் அம்மா. எட்டு வருஷமாக நல்ல காரியம் ஒவ்வொன்றுக்கும் சொல்லிப் பழகிய வாய். கிணற்றடியில் நின்றவளும் பழகியவள்தான். கயிற்றை விட்டுவிட்டு மாட்டுக் கொட்டகைக்குள் போய்விட்டாள்.

வெள்ளைப் புடவை, வெறும் நெற்றி. அவன் மனைவி குணசுந்தரி. கட்டியவன் உயிரோடு வந்து நிற்கிறான். அவன் கண்ணில் படக் கூடாதென்று அவனுடைய விதவையையே விரட்டுகிறார்கள். இந்தக் கூத்து அங்கே இருந்த ஒருவருக்கும் கூத்தாகத் தெரியவில்லை. ஆதிநாராயணனுக்குத் தெரிந்தது. தெரிந்தும் வாயைத் திறக்காமல் ஆரத்திக்கு முகத்தைக் காட்டிக்கொண்டு நின்றான்.

அவன் எந்த முகத்தோடு வாயைத் திறப்பான்? சிங்கப்பூரில் வெள்ளைக்காரன் கையைத் தூக்கியபோது இவனும் ஜப்பான்காரனிடம் கைதியானான். சுதந்திரப் படை என்று ஆள் சேர்த்தார்கள். பாதி நாட்டுப் பற்றாலும் பாதி பசியாலும் சேர்ந்தான். சண்டை முடிந்ததும், அந்தச் சட்டை போட்டவர்களையெல்லாம் பிடித்து விசாரிக்கிறார்கள் என்று கேள்விப்பட்டு, மலேயாவில் ஈப்போ பக்கம் ஒரு ரப்பர்த் தோட்டத்தில் வேறு பெயரில் பால்மரம் சீவிக்கொண்டு ஒளிந்திருந்தான். ஒரு வரி எழுதிப் போட்டால் கழுத்துக்குக் கயிறு வந்துவிடும் என்று பயம். வெள்ளைக்காரன் இந்தியாவை விட்டு மூட்டை கட்டிக்கொண்டு போன பிறகும் அந்தப் பயம் போகவில்லை. இன்றைக்கு எழுதலாம், நாளைக்கு எழுதலாம் என்று வருஷங்களை ஓட்டிவிட்டான். ஊரில் ஒருத்தி தன் பெயரைச் சொல்லி மூலையில் உட்கார்ந்திருப்பாள் என்ற நினைப்பு அவனுக்கு வராமல் இல்லை. வந்தபோதெல்லாம் தள்ளிவிட்டான்.

அவன் திரும்பி உயிர்பெற வழி இருந்தது. ஐயர் வந்து மஞ்சள் நீரில் முழுக்காட்டினார். பிறந்த குழந்தைக்குச் செய்வதுபோல் நாக்கில் தேன் தடவி, காதில் பெயரை ஓதினார். தொட்டிலில் போடவில்லை, அவ்வளவுதான். ஆதிநாராயணன் மறுபடி பிறந்துவிட்டான். இனி முன்வாசல் வழியாகப் போகலாம், வரலாம்.

"அவளுக்கு இன்னா பண்றது நைனா?" என்று அப்பாவைக் கேட்டான். அதையும் தரையைப் பார்த்துத்தான் கேட்டான்.

"அறுத்த தாலிய திரும்பிக் கட்டி நம்ம வகையில யாரு பாத்துக்கீறா? அவ பாட்டுக்கு ஒரு மூலையில கஞ்சி குடிச்சிக்கினு கெடப்பா. உனுக்கு ஊத்துக்கோட்டையில நல்ல எடமா ஒரு பொண்ணு கீது."

"ரெண்டு கண்ணாலம் கூடாதுன்னு சட்டம் வந்துக்கீதாமே."

"உனுக்கு ஏதுடா ரெண்டு? மொதக் கண்ணாலந்தான் அன்னிக்கே வைக்கோலோட எரிஞ்சி போச்சே," என்றார் அப்பா, வெற்றிலைக்குச் சுண்ணாம்பு தடவிக்கொண்டே.

மறுநாள் கிணற்றடியில் யாரும் இல்லாத நேரம் பார்த்து அவளிடம் போனான். முதலில் அவளே பேசினாள்.

"ஒரு காயிதம் போட்டிருக்கலாமே."

அவள் குரலில் கோபம் இல்லை. அதைத்தான் அவனால் தாங்க முடியவில்லை.

"பயந்துட்டேன்."

"அப்ப வெள்ளக்காரனுக்குப் பயந்தீங்க. இப்ப யாருக்கு?"

குண்டு விழும் இடத்தில் குழி வெட்டிப் படுத்துத் தூங்கியவன் அவன். பெற்றவர்கள் எதிரில் ஒரு வார்த்தை எடுத்துச் சொல்லத் துப்பில்லை. "நைனா சொன்னா கேக்க வேண்டியதா கீது," என்று முனகினான். அவள் குடத்தை இடுப்பில் ஏற்றிக்கொண்டு போய்விட்டாள். அவனுக்கு உடம்பெல்லாம் கூசியது. கூசினால் என்ன? வெள்ளிக்கிழமை பெண் பார்க்கப் போக வேட்டியை வெளுத்து வைக்கும்படி அப்பா சொன்னபோது, சரி என்றுதான் சொன்னான்.

வெள்ளிக்கிழமை காலையில் நல்ல நேரம் பார்த்து வண்டி கட்டினார்கள். கூண்டுக்குள் அப்பா, அம்மா, பூவும் பழமும் வைத்த தட்டு, நடுவில் மடிப்புக் கலையாத வேட்டியில் மாப்பிள்ளை. குணசுந்தரியைக் கொட்டகையை விட்டு வரக் கூடாதென்று எச்சரித்துவிட்டுத்தான் அம்மா ஏறினாள். வண்டிக்காரன் சின்னராசு மாடுகளை அதட்டினான்.

வண்டி தெருமுனையைத் தொடவில்லை. எதிரே குணசுந்தரி வந்தாள். இடுப்பில் நிறைகுடம். தலையில் முக்காடு இல்லை, நெற்றியில் பொட்டும் இல்லை. நேராக வந்து நடுத்தெருவில் நின்றாள். சின்னராசு கயிற்றை இழுத்துப் பிடித்தான். அண்டை வீட்டுக்காரர்கள் வாசலுக்கு வந்துவிட்டார்கள்.

"வயிய உட்றி," என்றார் அப்பா.

"ஒண்ணு கேட்டுக்கினு உட்டுர்றேன் மாமா. நான் எதுர்ல வந்துட்டேன். இது நல்ல சகுனமா, கெட்ட சகுனமா?"

அம்மா பூத்தட்டை மடியோடு இழுத்துப் பிடித்துக்கொண்டாள்.

"நல்லதுன்னா நான் கட்டுக்கழுத்தி. ஊட்ல பொண்டாட்டி இருக்கசொல்ல இன்னொருத்தியப் பாக்க இன்னாத்துக்குப் போறீங்க? கெட்டதுன்னா வண்டி போவக் கூடாது. எதுன்னு நீங்களே சொல்லுங்க அத்தே."

ஜானகியம்மாள் வாயெடுத்தாள். எதைச் சொன்னாலும் வண்டி நகராது என்று அப்புறம்தான் உறைத்தது. மூடிக்கொண்டாள்.

அப்பா வெற்றிலைச் சாற்றைத் துப்பினார். "சகுனம் சரியில்ல. வண்டியத் திருப்புடா."

மகனைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டே, மருமகளை அறுத்தவள் என்று ஊரறிய இன்னொரு தடவை சொல்லிவிட்டார் மனிதர். அவருக்கு வழக்கம் காப்பாற்றப்பட்டது, அது போதும்.

குணசுந்தரி வண்டிக்குள் பார்த்தாள். ஆதிநாராயணன் இறங்கினான்.

"அவ எம் பொண்டாட்டி," என்றான். சின்னராசுவுக்குக்கூடச் சரியாகக் கேட்டிருக்காது.

அவளுக்குக் கேட்டது. "அன்னிக்கு நான் கொட்டாயில போய் ஒளிஞ்சனே, அப்ப சொல்லியிருக்கணும்," என்றாள்.

பிறகு அவள் திரும்பி, எட்டு வருஷமாக மிதிக்காத முன்வாசலில் காலை வைத்து, குடத்தோடு உள்ளே போனாள். யாரும் தடுக்கவில்லை. படியில் கொஞ்சம் தண்ணீர் சிந்தியிருந்தது.

ஆதிநாராயணன் அந்தப் படிவரை வந்தான். கதவு திறந்தே இருந்தது. உள்ளே அவள் குடத்தை இறக்கி வைக்கும் சத்தம் கேட்டது. அவள் போன வழியில் கால் வைக்க அவனுக்குக் கூச்சமாக இருந்தது. வெளுத்த வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, வேலியோரமாகக் கொல்லைப் பக்கம் சுற்றிப் போனான்.