மேடையில் மட்டும் கேட்ட கிட்டார்

சாவு வீட்டுக்கு மைக் செட் கட்டுவதில் ஒரே ஒரு தொல்லைதான், பாட்டில் வார்த்தை இருக்கும் என்பான் தனசேகரன். கச்சிராயபாளையத்தில் பல வருஷமாக சவுண்டு சர்வீஸ் வைத்திருக்கிறவன் சும்மா சொல்ல மாட்டான். ஒருமுறை கல்வராயன் மலை மேலே ஒரு பெரியவர் செத்த வீட்டில், பெற்றவனுக்குச் சோறு போடாத பிள்ளைகளைப் பற்றி ஒரு பாட்டைப் போட்டான். நல்ல பாட்டுதான். ஆனால் பெரியவருக்கு மூன்று பிள்ளைகள். பாட்டு தன்னைத்தான் குத்திக் காட்டுகிறது என்று மூன்று பேரும் தனித்தனியாக முடிவு செய்து, தனித்தனியாக வந்து அவனை அடித்தார்கள். பலா மரத்தில் கட்டியிருந்த குழாய் ஸ்பீக்கரை எவனோ கல்லால் அடித்து நசுக்கினான். பிணம் எடுக்கவே சாயங்காலம் ஆகிவிட்டது.

இனிமேல் சாவு வீட்டில் வார்த்தையே கிடையாது என்று அன்றைக்கு முடிவெடுத்தான். அதற்குத் தோதாக அவனிடம் ஒரு கேசட் இருந்தது. அரங்கநாதன் என்கிறவர் ஹவாயன் கிட்டாரில் வாசித்த பழைய பாட்டுகள். மடியில் படுக்கப் போட்டுக்கொண்டு, கம்பி மேல் ஓர் இரும்புக் கட்டையை வழுக்கி வழுக்கி வாசிக்கிற கிட்டார் அது. வாய் திறக்காமல் பாடுகிற மாதிரி இருக்கும். எந்தப் பிள்ளையும் அதைக் கேட்டுவிட்டுச் சண்டைக்கு வர முடியாது.

வார்த்தை இல்லை என்பது பாதிக் காரணம்தான். மீதிக் காரணத்தைத் தனசேகரன் யாரிடமும் சொன்னதில்லை. அவனுக்கு அரங்கநாதன் என்றால் உயிர். கல்யாண வீட்டில் அந்தக் கேசட்டைப் போட்டால் ஒரு பாட்டு முடிவதற்குள் மாப்பிள்ளையின் சிநேகிதன் ஒருத்தன் ஆடிக்கொண்டே வந்து வேறு பாட்டு கேட்பான். சாவு வீட்டில் எவனும் வந்து நேயர் விருப்பம் சொல்ல மாட்டான். காலையில் போட்டால் பாடை கிளம்புகிற வரைக்கும் அரங்கநாதன்தான். ஊரே வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்து கேட்கும். கலைஞனுக்கு இதைவிடப் பெரிய சபை எங்கே கிடைக்கும் என்று தனசேகரன் சத்தத்தைக் கூட்டிக் குறைக்கிற மிக்சர் பக்கத்தில் உட்கார்ந்து மனசார நினைப்பான். கேசட் போய் சிடி வந்தது, சிடி போய் பென் டிரைவ் வந்தது. அரங்கநாதன் மட்டும் மாறவில்லை.

அவர் உயிரோடு இருக்கிறார் என்பதைக் கண்டுபிடித்தது மகள் சுபஸ்ரீதான். போனில் ஒரு வீடியோவைக் காட்டினாள். பெரம்பூரில் ஒரு வீட்டுக் கூடத்தில், மூக்குக் கண்ணாடி போட்ட ஒரு வயசானவர், மடியில் கிட்டார். கீழே நம்பர் இருந்தது. தனசேகரன் கூப்பிட்டான், ஹலோ என்ற குரலைக் கேட்டதும் நாக்கு ஒட்டிக்கொண்டது, வைத்துவிட்டான். மறுபடி கூப்பிட்டு மறுபடி வைத்தான். அடுத்த தடவை அவரே, எனக்கு லோன் எதுவும் வேண்டாம் தம்பி, வயசு எழுபத்தெட்டு ஆகிறது என்றார். அப்போதுதான் இவனுக்குப் பேச்சு வந்தது. என் மகள் கல்யாணத்துக்கு முந்தின நாள் ரிசப்ஷன், நீங்கள் வந்து வாசிக்க வேண்டும் என்றான். பதினோரு வருஷமாக எந்த மேடையிலும் ஏறவில்லையே என்றார் அவர். அதனால்தான் கூப்பிடுகிறேன் என்றான் இவன். என்ன பதில் இது என்று அவனுக்கே தெரியவில்லை, ஆனால் அவர் ஒத்துக்கொண்டார்.

ஆக, ரிசப்ஷன் அன்றைக்குக் காலையில் சின்னசேலம் ஸ்டேஷனுக்கே போய் அவரை இறக்கி, கிட்டார் பெட்டியைத் தன் தோளில் போட்டுக்கொண்டு, கள்ளக்குறிச்சி மண்டபத்தில் மாடி ரூமில் தங்கவைத்தான். கீழே இறங்கி வந்து மனைவி ஜெயசுதாவிடம் விஷயத்தைச் சொன்னான். அதுவரைக்கும் அவளிடம் சொல்லவில்லை. கேட்டதும் சந்தோஷத்தில் திகைத்துப்போவாள் என்று நினைத்திருந்தான். திகைத்தாள்.

"இன்னாங்க பண்ணி வெச்சிருக்கீங்க? எங்கப்பாவ கெடத்தி வெச்சிருந்தப்ப நாள் முச்சூடும் அதத்தான் போட்டீங்க. எங்கம்மாவுக்கும் அதத்தான். நம்ம பக்கம் அந்தச் சத்தம் கேட்டா எந்த வூட்டுல இன்னான்னுதான் ஓடியாருவாங்க. நாளைக்குத் தாலி ஏற வேண்டிய பொண்ணு மேடையில நிக்கறப்ப சாவு மெட்டு வாசிப்பாங்களா? சம்பந்தி காதுல ஒருத்தர் ஊதினா போதும், மூங்கில்துறைப்பட்டுக்கு வண்டிய எடுத்துகினு போய்கினே இருப்பாங்க."

தனசேகரனுக்கு அப்போதுதான் வெள்ளிமலைத் திருவிழா ஞாபகம் வந்தது. குழாய் ஸ்பீக்கரை மரத்தில் கட்டி, சத்தம் சரியாக வருகிறதா என்று பார்க்க அரங்கநாதனைத்தான் போட்டான். கொஞ்ச நேரத்தில் பக்கத்து மலையூர்களிலிருந்து இரண்டு ஜீப்பில் ஆள் வந்து இறங்கியது. ஆளுக்கொரு மாலை வைத்திருந்தார்கள். கோயில் வாசலில் நின்று யாரையோ தேடினார்கள். சாமிக்குத்தான் மாலை என்று நினைத்து, இந்த வருஷம் பக்தி ஜாஸ்தி என்று இவன் பூசாரியிடம் சொல்லிச் சந்தோஷப்பட்டான். இதெல்லாம் ஒரு மனுஷனுக்குப் புரிய இத்தனை வருஷமா என்று கேட்டால், ஆமாம், ஆசை வைத்தவனுக்கு அப்படித்தான் ஆகும்.

சால்வை போடுங்கள், விருந்து போடுங்கள், மரியாதையாக ரயில் ஏற்றுங்கள், வாசிக்க மட்டும் விடாதீர்கள் என்று சொல்லிவிட்டு ஜெயசுதா ஆரத்தித் தட்டைத் தேடிக்கொண்டு போய்விட்டாள். அதில் தப்பு சொல்ல ஒன்றுமில்லை. தாயாக அவள் சொன்னது நியாயம்.

தனசேகரன் மாடிக்குப் போனான். சொல்லிவிடுவது என்றுதான் போனான். அரங்கநாதன் சலவை செய்த சட்டை போட்டு, மீசையைக் கத்தரித்து, ஒரு மஞ்சள் துணியால் கம்பியை ஒவ்வொன்றாகத் துடைத்துக்கொண்டிருந்தார். இங்கே ஜனங்கள் எப்படி, இந்த மாதிரி வாசிப்பை எல்லாம் கேட்பார்களா என்று விசாரித்தார். குரலில் பயம் இருந்தது.

"உங்க வாசிப்பக் கேக்காத குடும்பமே இந்தப் பக்கத்துல கெடையாது சார்" என்றான் தனசேகரன். அது உண்மைதானே.

கிழவர் கண்ணாடியைக் கழற்றி அந்த மஞ்சள் துணியாலேயே துடைத்தார். ரொம்ப நேரம் துடைத்தார். அதற்கப்புறம் போய் எப்படிச் சொல்வது? வாயைத் திறந்தவன் காபி வேண்டுமா என்று கேட்டுவிட்டுக் கீழே வந்தான். பெண் வாழ்க்கையா, பெரியவர் மனசா? ஒன்றை உடைத்துத்தான் இன்னொன்றைக் காப்பாற்ற முடியும் போலிருந்தது.

மைக் செட்காரனுக்கு எந்தச் சிக்கலுக்கும் வழி மிக்சரில்தான் தெரியும். மேடையில் வாசிக்கிறவருக்குத் தன் சத்தம் தனக்குக் கேட்பதற்காக அவர் காலடியில் ஒரு பெட்டி வைப்பார்கள், மானிட்டர் என்று பெயர். மண்டபத்துக்குப் போகிற பெரிய பாக்ஸ்கள் வேறு. இரண்டுக்கும் தனித்தனி வால்யூம். மானிட்டரைத் திறந்து வைத்து, மண்டபத்து வால்யூமை அடியோடு இறக்கிவிட்டால் வாசிக்கிறவருக்குக் கேட்கும், ஜனத்துக்குக் கேட்காது. அவர் வாசித்த மாதிரியும் ஆயிற்று, யாரும் கேட்காத மாதிரியும் ஆயிற்று. இந்த யோசனை வந்ததும் தனசேகரனுக்கு நிம்மதியாக இருந்தது. தன்னைப் பார்த்துக் காறித் துப்ப வேண்டும் போலவும் இருந்தது.

சாயங்காலம் ரிசப்ஷன் ஆரம்பித்தது. சுபஸ்ரீயும் மாப்பிள்ளை சிவசங்கரும் மேடை நடுவில் நிற்க, மேடை மூலையில் அரங்கநாதன் உட்கார்ந்தார். பெண்ணைப் பெற்றவன் பட்டு வேட்டியோடு முன்வரிசை ஓரமாக மிக்சரில் உட்கார்ந்திருப்பதைப் பார்த்து, சம்பந்தி நாராயணசாமி, கரும்பு விவசாயி, வேறு ஆள் கிடைக்கவில்லையா என்று கேட்டார். இதில் மட்டும் அடுத்தவனை நம்ப முடியாது என்றான் தனசேகரன்.

கிழவர் கம்பி மீட்டுகிற உலோக நகங்களை விரல்களில் மாட்டிக்கொண்டு ஆரம்பித்தார். மண்டபம் முழுக்கப் பேச்சு, குழந்தைகள் ஓட்டம், மொய் எழுதுகிற இடத்தில் நெரிசல். ஒருத்தர் காதுக்கும் கிட்டார் எட்டவில்லை. மேடை மேல் நிற்கிற ஜெயசுதாவுக்கு லேசாகக் கேட்டிருக்க வேண்டும், பதறி இவனைப் பார்த்தாள். இவன் மண்டபத்தைக் கண்ணால் காட்டினான். புரிந்துகொண்டு, சபாஷ் என்பதுபோலத் தலையாட்டினாள். கல்யாணமான நாள் முதல் அவள் அவனை மெச்சியது அபூர்வம். இப்போது பார்த்தா மெச்ச வேண்டும்?

தனசேகரன் ஹெட்போனை மாட்டினான். கேசட்டில் ஒவ்வோர் இழுப்பும் அவனுக்கு மனப்பாடம். கேசட்டில் சட்டென்று தாவுகிற ஓர் இடத்தில் கிழவர் இப்போது தாவவில்லை. கட்டையை மெதுவாக, விட மனசில்லாமல் நகர்த்திக்கொண்டு போனார். ஐயோ, என்ன வாசிப்பு. இத்தனை பெரிய மண்டபத்தில் தான் ஒருத்தன் மட்டும் இதைக் கேட்கிறோமே என்று தனசேகரனுக்குக் கண் நிறைந்து கொட்டியது. சொந்தக்காரர்கள் இரண்டு பேர் வந்து, பெண்ணென்றால் ஒருநாள் அனுப்பித்தானே ஆக வேண்டும் என்று முதுகைத் தட்டிக் கொடுத்துவிட்டுப் போனார்கள்.

மூன்றாவது பாட்டு முடிந்ததும் அரங்கநாதன் அவனைக் கையசைத்துக் கூப்பிட்டார். மேடையேறி அவர் பக்கத்தில் குனிந்தான்.

"மண்டபத்துக்குச் சத்தம் போகல, இல்ல?" என்றார்.

ஒயரில் ஏதோ கோளாறு, பார்க்கிறேன் என்று தனசேகரன் உளறினான். அவர் கோபப்படவில்லை.

"நான் முப்பது வருஷம் ஹோட்டல்ல வாசிச்சவன் தம்பி. சாப்பிடறவங்க பேச்சுக்கு இடைஞ்சல்னு வந்து சத்தத்த எறக்கிடுவாங்க. எதிர் சுவத்துலேர்ந்து நம்ம சத்தம் திரும்பி வரணும். வரலன்னா மூடிட்டாங்கன்னு தெரிஞ்சுக்குவேன். பரவாயில்ல. நீங்க இந்தப் பெட்டியையாவது விட்டு வெச்சிருக்கீங்க, சில பேர் இதையும் நிறுத்திடுவாங்க." கொஞ்சம் தயங்கினார். "இன்னும் ரெண்டு வாசிச்சுக்கட்டுமா?"

வாசிச்சுக்கட்டுமா என்று கேட்டார். தனசேகரன் எப்படி மேடையை விட்டு இறங்கினான் என்று அவனுக்கே தெரியாது. அப்பன் அடித்தபோதுகூட அவனுக்கு இப்படி வலித்ததில்லை. மிக்சர் முன்னால் வந்து நின்றான். அரங்கநாதன் அடுத்த பாட்டை எடுத்தார், பாடை கிளம்பும்போது தனசேகரன் எப்போதும் போடுகிற பாட்டு அது. ஜெயசுதா மேடையிலிருந்து இவன் கை போகிற இடத்தைப் பார்த்துவிட்டு, வேண்டாம் என்று தலையை ஆட்டினாள். தனசேகரன் அவளைப் பார்த்துக்கொண்டேதான் மண்டபத்து வால்யூமை மேலே தள்ளினான். பாதி அல்ல, முழுசாக.

கிட்டார் மண்டபம் முழுக்க எழுந்தது. பெண் வீட்டார் பக்கம் பேச்சு வரிசை வரிசையாக நின்றுபோனது. மலையிலிருந்து வந்திருந்த செல்லியம்மாள், தனசேகரனின் பெரியம்மா, புருஷனைப் பறிகொடுத்தவள், முதலில் எழுந்தாள். அவளைப் பார்த்து அக்கம்பக்கத்தில் எழுந்தார்கள். ஆண்கள் தோளில் கிடந்த துண்டைக் கையில் எடுத்துக்கொண்டார்கள். பாடை தூக்கும்போது எப்படி நிற்பார்களோ அப்படியே நின்றார்கள். அவரவர் வீட்டுச் சாவு அவரவருக்கு ஞாபகம் வந்திருக்க வேண்டும், ஒருத்தர் முகத்திலும் கல்யாணக் களை இல்லை. ஓடிக்கொண்டிருந்த பிள்ளைகளை இழுத்துப் பிடித்து நிறுத்தினார்கள். எதிர்ப்பக்கம் மூங்கில்துறைப்பட்டு சனம் ஒன்றும் புரியாமல் திரும்பித் திரும்பிப் பார்த்தது.

ஜெயசுதா மேடையை விட்டு ஓட்டமும் நடையுமாக இறங்கினாள். நேராக மிக்சருக்குத்தான் வந்தாள். நடுவில் முன்வரிசையில் நாராயணசாமி அவளை நிறுத்தினார்.

"இன்னா சம்பந்தியம்மா, உங்க ஆளுங்க எல்லாம் எதுக்கு எழுந்து நிக்கறாங்க?"

நாளைக்குத் தாலி உண்டா இல்லையா என்பது இனி அவள் வாயில்தான் இருந்தது. ஜெயசுதா மேடை மூலையைப் பார்த்தாள். கிட்டார் அவள் அப்பனை எடுத்த நேரத்துப் பாட்டில் இருந்தது. கண்ணில் தண்ணீர் கோத்துக்கொண்டு நிற்க, அவள் புருஷனைப் பார்க்காமல் சம்பந்தியிடம் சொன்னாள்.

"எங்க பக்கம் இவரு வாசிச்சா யாரும் உக்காந்துகினு கேக்க மாட்டாங்க."

நாராயணசாமி அப்படியா என்றார். எழுந்து நின்றார். பக்கத்தில் பாக்கு மென்றுகொண்டிருந்த தன் அண்ணனையும் கையைப் பிடித்து எழுப்பினார். அவருக்குப் பின்னால் மூங்கில்துறைப்பட்டு மொத்தமும் நாற்காலியை நகர்த்திவிட்டு எழுந்தது.

அந்தச் சத்தத்தில் அரங்கநாதன் நிமிர்ந்து பார்த்தார். மண்டபம் முழுக்க ஒருத்தர்கூடப் பேசாமல் அவருக்காக நின்றது. கட்டை ஓர் இடத்தில் தவறி வழுக்கிப் போய், அபசுரமாக ஒன்று கேட்டது. அரங்கநாதன் தப்பாக வாசித்து தனசேகரன் கேட்டது அதுதான் முதல் தடவை.