விதானையின் தொட்டிக்கு வந்த இரண்டு பேர்

"குடிக்க வாங்கின தண்ணிய மீனுக்கு ஊத்துறீங்களே, இது ஞாயமா?" என்று ஸும்றா கேட்டாள்.

மீன்தொட்டியின் அழுக்குத் தண்ணீரை இழுக்கும் குழாய் கணவன் ஜௌபரின் வாயில் இருந்தது. தண்ணீர் வாளிக்குள் விழத் தொடங்கியதும் வாயைத் துடைத்துக்கொண்டார்.

"கிணத்துத் தண்ணி கொதிக்க வெச்சா கேத்தல்லயே சுண்ணாம்பாப் படியுது. வரப்போற மீன் மெல்லிய சாதி, தாங்காது."

"இன்னும் மீனா?"

"தொட்டியில விதானை தனிய இருக்கிறான். பாவமில்லையா?"

"தனிய இருக்கிறவன சும்மா விடுங்களேன்."

அவர் சிரித்துக்கொண்டே குடிதண்ணீர்க் கேனைச் சரித்துப் பாதியைத் தொட்டிக்குள் ஊற்றினார். பிறகு சட்டையை மாற்றிக்கொண்டு மீன் வாங்க மதுரங்குளிக்கு பஸ் ஏறினார்.

சண்டை முடிந்து, விரட்டப்பட்ட சொந்த ஊரான மன்னாருக்குத் திரும்புவதா, வந்து தங்கிய முந்தலிலேயே இருந்துவிடுவதா என்று சொந்தக்காரர்கள் பேசித் தீராத காலத்தில் ஜௌபர் எடுத்த ஒரே முடிவு அந்த இரண்டடிக் கண்ணாடித் தொட்டி. அதற்குள் உடம்பெல்லாம் கறுப்பு வரி போட்ட ஒரு சிக்லிட் மீன். நடுவிரல் நீளம்தான். கூட விட்ட மீனையெல்லாம் விரட்டியடித்து, கூழாங்கற்களைத் தன் இஷ்டத்துக்கு நகர்த்தி வைத்ததால் அதற்கு விதானை என்று பெயர் வைத்தார். ஊரில் கிராம அதிகாரிகளான விதானைமார் செய்வதைத்தான் இவனும் செய்கிறான் என்பார்.

மதுரங்குளிச் சந்தியில் திரும்பி வரும் பஸ்ஸுக்கு நின்றவர், நெஞ்சைப் பிடித்துக்கொண்டு கடைப் படியில் உட்கார்ந்தாராம். ஆஸ்பத்திரியில் இருந்து உயிர் போய் ஜனாஸாவாகத்தான் வந்தார். மறுநாள், அவரை ஏற்றிப்போன ஓட்டோக்காரர் வந்து, அவருடைய செருப்பையும் காற்றடைத்துக் கட்டிய ஒரு பொலித்தீன் பையையும் கொடுத்துவிட்டுப் போனார். பைக்குள் இரண்டு மீன்கள் உயிரோடு இருந்தன. மையத்து வீட்டுக் கூட்டத்தில் யாரோ நல்லெண்ணத்தில் அவற்றைத் தொட்டிக்குள் கவிழ்த்துவிட்டார்கள்.

ஸும்றா இத்தாவில் இருந்தாள். கணவனை இழந்தவள் அந்த நாலு மாதமும் பத்து நாளும் முடியும்வரை வாசல் தாண்டக்கூடாது, வெளி ஆண்கள் முன்னால் வரக்கூடாது. நாள் முழுக்கப் பார்த்துக்கொண்டிருக்க அந்தத் தொட்டிதான் மிஞ்சியது.

வந்தவை ஒரு சோடி. மஞ்சள் உடம்பில் நீலப்பொடி தூவிய மாதிரி, அழகுதான். அந்த அழகை விதானை மூலையில் நெருக்கி வைத்து அடித்துக்கொண்டிருந்தான். ஒன்றின் வால் ஏற்கனவே கிழிந்திருந்தது. அவர் கடைசியாகக் கையில் பிடித்து வந்த பொருள் அவள் கண்முன்னாலேயே சாகப்போகிறது.

"எதோட எது சேரும் எண்டு ஒரு வார்த்த கேட்டு வாங்கத் தெரியாதா உங்களுக்கு?" என்று அவர் உட்காரும் கதிரையைப் பார்த்துக் கேட்டாள்.

கதிரைக்குப் பதிலாகத் தம்பி ஃபைஸல்தான் ஓடித் திரிந்தான். முதலில் மூன்று தேங்காய்ச் சிரட்டைகளைக் கொண்டுவந்து தொட்டிக்குள் போட்டான்.

"ஒளிஞ்சிக்க இடம் வேணுமாம், ராத்தா. கடைக்காரன் சொன்னான்."

மூன்று சிரட்டையும் அன்றைக்கே விதானைக்குச் சொந்தமாகின.

அடுத்ததாக இன்னும் நாலு மீனோடு வந்து நின்றான். "கூட்டம் கூடினா ஒருத்தர மட்டும் போட்டு அடிக்க மாட்டானாம். கோவம் பங்கு போயிருமாம்."

"தொட்டி எவ்வளவு பெரிசு எண்டு சொன்ன நீ?"

"நல்ல பெரிய தொட்டி எண்டு."

"டேய்! அத ஏன் அப்பிடிச் சொன்ன?"

"மச்சான்ட தொட்டியச் சின்னது எண்டு சொல்ல வாய் வரல்ல, ராத்தா."

ஏசுவதற்குத் திறந்த வாயை ஸும்றா மூடிக்கொண்டாள். நாலையும் திருப்பிக் கொடுக்கச் சொன்னாள். போனில் தானே தேடிப் படித்தாள். சின்னச் சிக்லிட் என்றாலும் ஒவ்வொரு சோடியும் தனக்கென்று இடம் பிடிக்கும். இரண்டடித் தொட்டிக்கு ஒரு சோடி போதும். முரட்டுச் சாதியோடு மெல்லிய சாதியை விடவே கூடாது. எல்லாம் தெளிவாகத்தான் எழுதியிருந்தது. கடைக்குப் போக முந்திப் படிக்கவேண்டிய விஷயம்.

வெள்ளிக்கிழமை காலையில் வால் கிழிந்த மீன் செத்து மிதந்தது.

"இவனக் கொண்டு போ," என்று விதானையைக் காட்டி ஃபைஸலிடம் சொன்னாள்.

"எங்க?"

"எங்கயாவது. உசிரோட இருக்கோணும். ஆனா என்ட கண்ணுக்கு முன்னால வேணாம்."

பள்ளிவாசலில், தொழுகைக்கு முன் கைகால் கழுவி ஒழு எடுக்கும் தடாகமான ஹவுளில் எப்போதும் மீன் விட்டிருப்பார்கள். நல்ல யோசனை என்று நினைத்து ஃபைஸல் விதானையை அங்கே விட்டுவிட்டு வந்தான்.

அந்த நிம்மதி ஞாயிற்றுக்கிழமைவரை இருந்தது. பள்ளியில் பாங்கு சொல்லும் மோதினார் முத்தலிபு ஒரு வாளியோடு வாசலில் வந்து நின்றார். ஸும்றா கதவுத் திரைக்குப் பின்னால் நின்றுகொண்டாள்.

"தங்கச்சி, இவர் உங்கட வீட்டு ஆளாமே?"

"என்ன செஞ்சான்?"

"ஒரு மூலையப் பிடிச்சிக்கிட்டு ஆரையும் ஒழு எடுக்க விடுறானில்ல. ஹாஜியார் கைய வெச்ச உடனே விரல்ல கடி! பள்ளி மீனெல்லாம் பயத்தில ஒரு பக்கமா ஒதுங்கி நிக்கிது." வாளியைப் படியில் வைத்தார். "ஜௌபர் நானா இருந்தா இதுக்கு ஒரு வழி சொல்லியிருப்பார்."

"அவர்தானே இந்த வேலையச் செஞ்சிட்டுப் போனவர்!"

சொன்ன பிறகுதான் எவ்வளவு சத்தமாகச் சொல்லிவிட்டோம் என்று அவளுக்கு உறைத்தது. திரைக்கு அந்தப் பக்கம் முத்தலிபு சிரிப்பை அடக்கப் பார்த்து முடியாமல் இருமினார். ஸும்றாவுக்கும் சிரிப்பு வந்தது, ஜௌபர் போன பிறகு முதல் தடவையாக. அது எப்போது அழுகையாக மாறியது என்று அவளுக்கே தெரியவில்லை. முக்காட்டை வாயில் அழுத்திக்கொண்டாள். மோதினார் சலாம் சொல்லிவிட்டு மெதுவாகப் போய்விட்டார்.

அலுமாரியின் கண்ணாடித் தட்டொன்றைக் கழற்றி ஃபைஸலிடம் கொடுத்தாள். "அளவுக்கு வெட்டிக்கொண்டு வா. அளவ நீ சொல்லாத. நான் நூல் பிடிச்சித் தாறன், அத அப்பிடியே குடு."

வெட்டி வந்த கண்ணாடியைத் தொட்டியின் நடுவில் இறக்கினாள். ஒரு பக்கம் விதானை, மறுபக்கம் மிஞ்சிய மஞ்சள் மீன். விதானை இரண்டு நாள் கண்ணாடியை முட்டினான், பிறகு விட்டுவிட்டான். மஞ்சள் மீன் சிரட்டைக்குள் இருந்து வெளியே வந்து சாப்பிடத் தொடங்கியது.

"மஞ்சளுக்கு ஒரு சோடி வாங்கிக்கொண்டு வரட்டா, ராத்தா?" என்று ஃபைஸல் கேட்டான்.

"தனிய இருக்கிறத சும்மா விடு."

சொல்லிவிட்டு, இதை முன்னமே ஒரு தடவை சொல்லியிருக்கிறோமே என்று ஜௌபர் உட்காரும் கதிரையைத் திரும்பிப் பார்த்தாள்.

இத்தா முடிந்து இரண்டு வருடம் ஆகிறது. மஞ்சள் மீன் இருக்கிறது. விதானையும் இருக்கிறான், விரலைக் காட்டினால் இன்றைக்கும் கடிக்க வருவான். குடிதண்ணீர் லொறி வாசலில் ஹோன் அடித்தால் ஸும்றா ஒரு கேன் வாங்குவாள். அதில் பாதி மீனுக்குப் போகிறது.