எத்தனை வைக்கணும்?

அந்தக் கருத்தரிப்பு மையத்தின் காத்திருப்பு அறையில் ஒரு சுவர் முழுக்க இரட்டைக் குழந்தைகளின் படம். ஒரே நிறச் சட்டை, ஒரே தொப்பி, ஒரே பொக்கைவாய்ச் சிரிப்பு. தனியாகப் பிறந்த குழந்தை ஒன்றுகூடக் கிடையாது. நான் அதற்கு முதுகு காட்டித்தான் உட்காருவேன். என் கணவரோ போகும்போதெல்லாம் அதன் முன்னால் நின்று செல்ஃபி எடுத்து அவர் அக்காவுக்கு அனுப்புவார்.

அவர் சூப்பர்மார்க்கெட்டில் மேனேஜர். 'ஒன்று வாங்கினால் ஒன்று இலவசம்' என்று நாள் முழுக்க அட்டை ஒட்டுகிற புத்தி வீட்டுக்கும் வந்துவிட்டது. "ரெண்டு கரு நல்லா வளந்திருக்காம். ரெண்டையும் வெச்சிட்டா ஒரே கல்லுல ரெண்டு மாங்கா," என்றார், கருவை வைப்பதற்கு முந்தின நாள் சாப்பிடும்போது. பேசியது இவர் வாய், பேச வைத்தது அக்கா. மாங்காய் ஆசை அவர்களுக்கு, கல்லடி எனக்கு.

இரண்டு வருடத்துக்கு முன்னால் என் வயிற்றில் இரட்டைதான் இருந்தது. ஐந்தாம் மாதக் கடைசியில் சுமை தாங்காமல் கர்ப்பப்பையின் வாய் திறந்துகொண்டது. இரண்டும் பெண். ஒருத்தி பதினோரு நிமிடம் மூச்சு விட்டாள். நான் லாரிகளுக்கு எடை போடும் எடைமேடையில் வேலை பார்ப்பவள். தாங்குகிற அளவுக்கு மேல் ஏற்றினால் என்ன ஆகும் என்று எனக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டாம். டாக்டரம்மாவும் முதல் நாளே, "உங்களுக்கு ஒண்ணுதான் பாதுகாப்பு," என்று சொல்லியிருந்தார். படிவத்தில் 'ஒன்று' என்ற கட்டத்தில் நானே டிக் அடித்துக் கையெழுத்துப் போட்டேன்.

கருவை வைக்கிற நாள் வந்தது. ஒரு லிட்டர் தண்ணீரைக் குடித்துவிட்டு அடக்கிக்கொண்டு படுக்க வேண்டும். அப்போதுதான் ஸ்கேனில் கர்ப்பப்பை தெளிவாகத் தெரியுமாம். முதுகுப்பக்கம் திறந்த அங்கியோடு, இரண்டு காலையும் தாங்கியில் தூக்கி வைத்துக் கிடந்தேன். தலைமாட்டில் கணவர், நீலத் தொப்பி போட்டுக்கொண்டு. டாக்டரம்மா படிவத்தைப் புரட்டினார்.

"ஓ, ரெண்டுன்னு மாத்திட்டீங்களா?"

நான் கணவரைப் பார்த்தேன். அவர் ஸ்கேன் திரையைப் பார்த்தார்.

"நீ டிரஸ் மாத்தப் போயிருந்த... அக்கா போன் பண்ணாங்க... சரி, நான்தானே புருஷன்னு..."

"கொஞ்சம் ரிஸ்க்தான்," என்றார் டாக்டரம்மா, கையுறையை இழுத்து விட்டுக்கொண்டே. "ஆனா சக்சஸ் ரேட் கூடும். நிறைய பேர் வெச்சுக்கறாங்க. உங்க விருப்பம்."

முதல் நாள் பாதுகாப்பு பேசியதும் இதே வாய்தான். நரம்பில்லாத நாக்கு எப்படியும் பேசும்.

எனக்குக் கோபம்கூட வரவில்லை, அருவருப்புதான் வந்தது. ஏழு வருடமாகப் பக்கத்தில் படுத்த மனுஷனின் கை என் தோளில் இருந்தது. கம்பளிப்பூச்சி ஊர்வதுபோல் உடம்பு கூசியது. எழுந்து கத்தலாம் என்றால் மூத்திரம் போய்விடுமோ என்ற பயம் வேறு.

அங்கே ஒரு வழக்கம் உண்டு. கருவை வளர்க்கும் ஆய்வகத்துக்கும் இந்த அறைக்கும் நடுவே ஒரு சின்ன ஜன்னல். குழாயில் கருவை ஏற்றுவதற்கு முன்னால் ஆய்வகப் பெண் அதைத் திறந்து கேள்வி கேட்பாள். படுத்திருப்பவள்தான் தன் வாயால் பதில் சொல்ல வேண்டும். ஜன்னல் திறந்தது. முகமூடிக்கு மேலே இரண்டு கண்கள்.

"உங்க பேரு, பொறந்த தேதி சொல்லுங்கம்மா."

சொன்னேன்.

"எத்தனை வைக்கணும்?"

"ரெண்டு," என்றார் கணவர்.

"சார், நான் அவங்களைக் கேட்டேன்."

"ஒண்ணு," என்றேன்.

"ஏய், பேப்பர்ல ஏற்கெனவே..."

"அந்தப் பேப்பரை இங்க குடுங்க, அடிச்சுத் தரேன். ஒண்ணுதான். இன்னொண்ணை உறைய வெச்சிடுங்க."

படுத்தபடியே திருத்திக் கையெழுத்துப் போட்டேன். கோணல்மாணலாக வந்தது. சற்று நேரத்தில் ஸ்கேன் திரையில் ஒரு வெள்ளைப் புள்ளி வந்து உட்கார்ந்தது. எள்ளளவுகூட இருக்காது. எனக்கு அழுகை வந்தது, சந்தோஷத்தில்தான்.

ஓய்வறையில் படுக்க வைத்தார்கள். திரைச்சீலைக்கு அந்தப் பக்கம் கணவர் போனில் பேசுவது கேட்டது.

"ஆமாக்கா, நல்லபடியா முடிஞ்சுது. ரெண்டையும் வெச்சாச்சு."

நாளைக்கே நல்லபடியாக ஒரு குழந்தை பிறக்கிறது என்று வைத்துக்கொள்வோம். இன்னொன்று எங்கே என்று அக்கா கேட்பாள். இந்த மனுஷன் என் பக்கம் திரும்பிப் பார்ப்பார். வயிற்றில் வைக்கவே வைக்காத குழந்தையையும் நான்தான் கொன்றிருப்பேன்.

திரைச்சீலையை விலக்கிக் கையை நீட்டினேன்.

"போனைக் குடுங்க."

"அப்புறம் பேசிக்கலாம், நீ அசையக் கூடாது..."

"குடுங்கன்னு சொல்றேன்ல."

கொடுத்தார்.

"அண்ணி, ஒண்ணுதான் வெச்சிருக்கு. நான்தான் அப்படிச் சொன்னேன். உங்க தம்பி இப்ப உங்ககிட்ட சொன்னது பொய்."

"போனை அவன்கிட்ட குடு," என்றாள்.

கொடுக்கவில்லை. அணைத்துத் தலையணைக்கு அடியில் வைத்துக்கொண்டு கண்ணை மூடினேன்.