வடம் பிடித்த சேனல்

இப்போதெல்லாம் ஆனித் தேரன்று என் தங்கச்சி மகன் சிங்கப்பூரில் உட்கார்ந்துகொண்டு செல்போனில் தேர் பார்க்கிறான். "பெரியம்மா, மேல ரத வீதிக்குத் தேரு திரும்பிட்டு, பாத்தியளா?" என்று எனக்கே போன் போட்டுச் சொல்கிறான். அடேய், நீ பிறப்பதற்கு முன்னாலேயே டவுன் தேரை டிவிப் பெட்டிக்குள் இழுத்துக்கொண்டு வந்தவள் உன் பெரியம்மா என்றால் சிரிக்கிறான். சிரிக்கட்டும். அவனுக்கு என்ன தெரியும்?

தொண்ணூற்று நாலாம் வருடம். அந்த நாட்களில் திருநெல்வேலி டவுனில் எதையாவது ஆரம்பிக்காத பிள்ளையே கிடையாது. நேற்று வரை டீக்கடை பெஞ்சில் கிடந்தவன் இன்றைக்கு எஸ்.டி.டி. பூத் முதலாளி. செருப்பை வாசலில் விட்டுவிட்டு நுழைய வேண்டிய கம்ப்யூட்டர் சென்டர், கூரியர் ஆபீஸ், கலர் லேப் என்று தெருவுக்கு ஒரு புதுப் போர்டு. எவனைப் பார்த்தாலும் சட்டைப் பையில் விசிட்டிங் கார்டு. எங்கள் பங்குக்கு நாங்களும் மூன்று பேர் சேர்ந்து கேபிள் டிவி ஆரம்பித்தோம்.

ஐ.டி.ஐ.யில் ரேடியோ, டிவி மெக்கானிக் படித்த தச்சநல்லூர்க்காரி கலைச்செல்வி, அதாவது நான். குறுக்குத்துறை கணக்கு வாத்தியார் சுந்தர்ராமன் சாரின் மகன் பட்டாபி, பிசிக்ஸ் பட்டதாரி. மூன்றாவது ஷேக் மைதீன், மாடிக்கு மாடி தாவி வயர் இழுக்கிறவன். வடக்கு ரத வீதிக்கு வெளியே ஒரு மொட்டைமாடியில் தகரக் கொட்டகை. வெளியே பெரிய குடை ஆன்டெனா, உள்ளே ஒரு டிவி, ஒரு வீடியோ டெக், கொதிக்கிற நான்கைந்து பெட்டிகள். சித்திரை வெயிலில் வெந்து கருகுவோம். அந்த வெக்கைக்காக இன்றைக்கும் எனக்கு ஏக்கமாக இருக்கிறது. பைத்தியக்காரி என்று சொல்லுங்கள், பரவாயில்லை.

பட்டாபியை நான் 'லே' போட்டுத்தான் கூப்பிடுவேன். அவன் அப்பா முன்னால் மட்டும் வாயைப் பொத்திக்கொள்வேன். சாருக்கு எங்கள் தொழில் ஆகவே ஆகாது. அவர் வீட்டு டிவி செய்திக்கு மட்டும்தான் வாய் திறக்கும்; கேபிள் வயர் அந்த வாசற்படி ஏறக் கூடாது. "கம்பெனி கம்பெனிங்கறேளே, எதும்மா கம்பெனி? இந்தத் தகரக் கொட்டகையா?" என்று ஒரு தடவை என் முகத்துக்கு நேராகவே கேட்டார். பம்பாயில் பட்டாபியின் மாமா அவனுக்கு வேலை பார்த்து வைத்திருந்தார். "ஆனி முடியற வரைக்கும் பாரு. தேறலேன்னா பம்பாய்க்குக் கிளம்பு" என்று சார் முடிவாகச் சொல்லிவிட்டார். பட்டாபி போனால் கம்பெனி இல்லை. எனக்குப் பெட்டியைப் பிரித்துப் பற்றவைக்கத் தெரியும், மைதீனுக்கு வயர் தெரியும். படம் விழாத நாளில் வானத்தைப் பார்த்துக் குடையைத் திருப்பிப் படத்தைக் கொண்டுவரப் பட்டாபி ஒருவனுக்குத்தான் தெரியும்.

நேரம் பார்த்து ஜங்ஷன் பக்கத்து ஆள் ஒருவர் எங்களைவிடக் குறைந்த வாடகைக்குக் கேபிள் தருகிறேன் என்று தெருத்தெருவாக இறங்கிவிட்டார். வீடு வீடாகக் கழன்றுகொள்ள ஆரம்பித்தது. அப்போதுதான் பட்டாபி சொன்னான்: "கலை, ஆனித் தேரை நேரடியா காட்டுவோம். எவனும் காட்டினதில்ல."

எனக்குப் புல்லரித்துவிட்டது. கல்யாணத்துக்கு வீடியோ எடுக்கிறவரிடம் கேமராவை வாடகைக்குப் பேசினோம். நோட்டீஸ் அடித்தோம், ஆட்டோவில் மைக் கட்டி ஊரைச் சுற்றினோம். டவுனில் வேறு பேச்சே இல்லை. கழன்ற வீடுகள்கூடத் திரும்பி வந்தன.

தேருக்கு முந்தின நாள் கரண்டு ஆபீஸ் லைன்மேன் வந்து நின்றார். "ஏ பிள்ள, ரத வீதிக்குக் குறுக்க போற வயரு அம்புட்டையும் இறக்கிருங்க. தேருல இடிக்கும்லா?"

எங்கள் வயர் எல்லாம் ரத வீதிகளைக் குறுக்கே தாண்டித்தான் உள் சந்துகளுக்குப் போகிறது. தேரைக் காட்ட வயர் வேண்டும், தேர் ஓட வயர் இருக்கக் கூடாது. நடக்கப் பழகின நாளிலிருந்து தேர் பார்க்கிற மூன்று கழுதைகளுக்கும் இது தோன்றவில்லை.

"நீ பிசிக்ஸ் படிச்ச லட்சணம் இதுதானாலே?" என்று பட்டாபி மேல் பாய்ந்தேன். அவன் தலையில் கை வைத்து உட்கார்ந்துவிட்டான்.

மைதீன்தான் பைய வாயைத் திறந்தான். "வயரு தாண்டக் கூடாது, சரி. நாம தாண்டலாம்லா? சாமானை எல்லாம் தூக்கிட்டு உள்ள போயிருவோம்."

உள் சந்து வயர்கள் அப்படியே இருக்கும். அங்கே ஒரு வீட்டிலிருந்து படத்தை அனுப்பினால் உள்ளே இருக்கிற எல்லா வீட்டுக்கும் தேர் தெரியும். வெளித் தெருக்காரர்களிடம் வசவு வாங்கிக்கொள்ள வேண்டியதுதான். மேல ரத வீதியை ஒட்டிய சந்தில் நீலாம்பாள் மதினியின் மாடி வீட்டுக்கு ஓடினோம். அந்தச் சந்துக்கே மதினி, சந்துக்கே ராணி அவர். வருடா வருடம் முதல் ஆளாக வடம் பிடிக்கிறவர், அந்த வருடம் குளியலறையில் வழுக்கி விழுந்து காலில் மாவுக்கட்டோடு கட்டிலில் கிடந்தார்.

"எங்கட்டிலு பக்கத்துலயே வைட்டி" என்றார். "ரத வீதியிலதான் கரண்டை நிறுத்துவானுவ. இங்கன வேற லைனு. தேரு பாக்காமச் செத்துருவேனோன்னு கெடந்தேன், நல்ல வேளை வந்திய."

மறுநாள் பட்டாபி மொட்டைமாடியில் கேமராவோடு நின்றான், கூடவே மைதீன். நான் கட்டில் பக்கத்தில் பெட்டிகளோடும், தேர் எங்கே வருகிறது என்று சொல்ல ஒரு மைக்கோடும் உட்கார்ந்தேன். படம் விழுந்தது. அம்மாடி! சின்னத் திரைக்குள் எங்கள் தேர் அசைந்து அசைந்து வந்தது. சந்து முழுக்க "தெரியுது, தெரியுது" என்று ஒரே சத்தம். மதினி திரையைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். ஜெயித்துவிட்டோம் என்றுதான் நினைத்தேன்.

மத்தியானம் தேர் மேல ரத வீதிக்குள் திரும்பியது, நின்றது. நின்றது நின்றதுதான். தேர் நிற்பது புதிதல்ல, கொஞ்சத்தில் கிளம்பிவிடும் என்று காத்திருந்தோம். கிளம்பவில்லை. திரையில் வடம் தரையில் தொய்ந்து கிடந்தது, அங்கங்கே சிலர் பிடித்துக்கொண்டு திரும்பித் திரும்பிப் பார்த்தார்கள்.

மாடிப்படியில் தடதடவென்று சத்தம். சுந்தர்ராமன் சார். வேட்டியை மடித்துக் கட்டி, வேர்வை வழிய, உள்ளங்கை சிவந்து வந்து நின்றார். சத்தம் கேட்டுப் பட்டாபியும் கேமராவை மைதீனிடம் கொடுத்துவிட்டு இறங்கி வந்தான்.

"வடம் பிடிக்க ஆள் இல்லை. ஏன் தெரியுமோ?" என்றார் சார். "ஒவ்வொரு ஜன்னலா பாத்துண்டு வரேன். அத்தனை பேரும் உங்க பெட்டி முன்னாடி உக்காந்துண்டு தேர் பாக்கறா. தேரையே நிறுத்திட்டேளே! போதும்டா பட்டாபி. நாளைக்கே பம்பாய்க்குக் கிளம்பு."

எனக்கு எப்போதும் கோபம்தான் முதலில் வரும், அழுகை வராது. அன்றைக்கு அழுதேன். அவர் சொன்னதில் பொய் எங்கே இருக்கிறது?

கட்டிலிலிருந்து ஒரு கை நீண்டு என் மைக்கைப் பிடுங்கியது.

"ஏ, எல்லாரும் கேளுங்க! நான் நீலாம்பா பேசுதேன்!" மதினியின் குரல் அந்த அறையிலும் சந்தின் அத்தனை டிவியிலும் ஒன்றாகக் கேட்டது. "தேரு அங்கன அநாதையா நிக்கி, நீங்க இங்கன கால் நீட்டி உக்காந்து பாக்கியளா? வெக்கமா இல்ல? நானாவது கால் ஒடிஞ்சு கெடக்கேன், உங்களுக்கு என்ன வந்துட்டு? வெத்தல பாக்கு வச்சுக் கூப்பிடணுமோ? எந்திரிங்கல! வடத்தைப் பிடிக்காதவன் வீட்டுக்கு நாளையிலேருந்து கேபிளு கெடையாது, சொல்லிட்டேன்!"

இதை யார் இவரிடம் சொல்லச் சொன்னது என்று நான் திகைத்து நிற்கையிலேயே கீழே ஒரு கதவு திறந்தது. அப்புறம் இன்னொன்று. அப்புறம் சந்து முழுக்கக் கதவுச் சத்தம்தான். மதினியின் வீட்டுக்காரர், டிவி முன்னால் உட்கார்ந்து முறுக்கு தின்றுகொண்டிருந்தவர், தட்டோடு எழுந்தார்.

மதினி விடவில்லை. "வாத்தியாரய்யா, நீங்க இன்னும் என்ன பாத்துக்கிட்டு நிக்கிய? ஒங்க ரெண்டு கையும் கொறையுதுல்லா?"

சார் எங்களை ஒரு பார்வை பார்த்துவிட்டுக் கீழே ஓடினார். பட்டாபியும் பின்னாலேயே ஓடினான்.

திரையில் தெரு நிரம்பிக்கொண்டே வந்தது. லுங்கியோடு வந்தவர்கள், சாப்பிட்ட கையைக் கழுவாமல் வந்தவர்கள், இடுப்பில் சேலையைச் செருகிக்கொண்டு வந்த பெண்கள். வடத்தில் சாரும் பட்டாபியும் அடுத்தடுத்து நின்றார்கள். மேலே மைதீன் அதைப் பார்த்துவிட்டான் போல, கேமரா அவர்கள் மேலேயே நின்றது. ஒரு நாளும் சத்தம் போட்டுப் பேசாத கணக்கு வாத்தியார் கழுத்து நரம்பு புடைக்கக் கத்திக்கொண்டிருந்தார். தேர் அசைந்தது. அந்த ஆரவாரம் ஜன்னல் வழியாகவும் டிவி வழியாகவும் சேர்ந்து வந்து என் நெஞ்சில் மோதியது. ஊரே தெருவில் நின்றது. எங்கள் ஒளிபரப்பைப் பார்க்க மிச்சம் இருந்தது நானும் மதினியும்தான். இரண்டு பேரும் கையைப் பிடித்துக்கொண்டு அழுதோம்.

அன்று பொழுது சாய்வதற்குள் தேர் நிலைக்கு வந்துவிட்டது.

மறுநாள் காலையில் வடக்கு ரத வீதியில் வயரைத் திரும்பக் கட்டிக்கொண்டிருந்தோம். ஏணி மேல் மைதீன், கீழே ஏணியைப் பிடித்தபடி பட்டாபி. சார் சைக்கிளில் வந்து இறங்கினார். இரண்டு உள்ளங்கையிலும் துணி சுற்றியிருந்தது. பம்பாய்க்குப் பெட்டியைக் கட்டு என்று பட்டாபியிடம் சொல்லத்தான் வந்திருக்கிறார் என்று நினைத்தேன்.

வயரை அண்ணாந்து பார்த்தார்.

"நம்மாத்துக்கு எப்போ வயர் இழுக்கப் போறேள்?" என்றார்.

மைதீன் மேலிருந்து பதில் சொன்னான். "குறுக்குத்துறைக்கு இடையில வயக்காடுல்லா கெடக்கு சார். அம்புட்டுத் தூரத்துக்கு நம்மகிட்ட வயரு இல்லியே."

"இல்லேன்னா வாங்கிப் போடுங்கோ. கம்பெனின்னா எல்லாம் வாங்கித்தான் வைக்கணும்" என்று சொல்லிவிட்டு, சார் சைக்கிளில் ஏறிப் போய்விட்டார்.

பட்டாபி கண்ணைத் துடைக்க இரண்டு கையையும் எடுத்துவிட்டான்.

"ஏலே, ஏணி! ஏணியைப் பிடிலே!" என்று மேலே மைதீன் அலறினான். நான் ஓடிப் போய்ப் பிடித்தேன்.