நின்று வாங்காத ஆள்

அந்தப் பொன்னாடையின் மணம் கதிரவேலுக்கு நன்றாகப் பழகிப்போயிருந்தது. பல பேருடைய வியர்வையும் காய்ந்த சந்தனமும் புடவைக்கடைப் பூச்சிமருந்தும் கலந்த மணம். நாடகம் தொடங்குமுன் குழுக்காரர் ஒருவர் இறங்கி வந்து அதை அவர் தோளில் போர்த்துவார், சனம் கைதட்டும். நாடகம் முடிந்து, இவர் மேடையேறி வழக்கப்படி "இரண்டு வார்த்தை" பேசி இறங்கியதும் இன்னொருவர் பின்னால் வந்து நின்று தலையைச் சொறிவார்.

"சேர், அதை ஒருக்காத் தாறீங்களோ? மற்றக் குழுவுக்கும் வேணுமாம்."

நாடக விழா முழுவதற்கும் புடவைக்கடைக்காரர் இரவல் தந்தது அந்த ஒன்றுதான். அதன் ஓரத்து மஞ்சள் கறை தன் கழுத்தில் எந்த இடத்தில் முட்டும் என்பதுகூட அவருக்குத் தெரியும். முட்டியதும் உடம்பு கூசும். ஆனாலும் ஒவ்வொரு முறையும் கழுத்தை நீட்டுவார். வேண்டாம் என்று சொல்ல அவருக்கு ஒருநாளும் வாய் வந்ததில்லை.

பகலில் அவர் சீனன்குடா எண்ணெய்த் தாங்கிகளின் கந்தோரில் கிளாக்கர். மாலையில் சைக்கிளில் திருகோணமலை நகரத்துக்கு வந்து, வாசிகசாலை வாசலில் தொங்கும் கரும்பலகையில் வெண்கட்டியால் எழுதுவார். ஒரு பாதியில் "பார்க்கலாம்", மறுபாதியில் "பார்க்க வேண்டாம்". கீழே காரணம் ஓரிரு வரி. சந்தைக்குப் போகிறவர்களும் பஸ்ஸுக்கு நிற்கிறவர்களும் அதைப் படித்துவிட்டுத்தான் அன்றைக்கு எந்த நாடகத்துக்குப் போவது என்று முடிவுகட்டுவார்கள். பலகை பொய் சொல்லாது என்று ஊரில் ஒரு பேர். அந்தப் பேர் கதிரவேலுக்குச் சம்பளத்தைவிடப் பெரிது.

மாத் தட்டுப்பாட்டில், பேக்கரிப் பாணுக்குச் சனம் விடியுமுன் வரிசையில் நின்ற காலம் அது. அந்த வருடம் நாடக விழாவும் இரண்டாகப் பிளந்து கிடந்தது. பெரிய மண்டபத்தில் நடந்தது உள்வீதி. மண்டபம் கிடைக்காத குழுக்கள் பள்ளிக்கூடக் கொட்டகையிலும் மீன் ஏலம் விடும் கொட்டிலிலும் கடற்கரை மணலிலும் நடத்தியது வெளிவீதி. கோயில் திருவிழாவை நினைத்துச் சனம் வைத்த பெயர்கள் இவை. மண்டபத்துக்குத் தலைவர், கோர்ட்டில் வழக்காடும் புறொக்டர் சிவகுருநாதன். வெளியிலே கொட்டகை, கொட்டில் எதுவானாலும் அனுமதி வாங்கித் தருவதும் அவருடைய கைதான். அவர் கதிரவேலைக் கூப்பிட்டுச் சொல்லிவிட்டார்.

"கடைசி நாள் பின்னேரம் மண்டபத்தை வெளிவீதிக்கு விடுறன். எந்த நாடகம் எண்டு உம்மட பலகை சொல்லட்டும். ஆனால் சனம் இடையில எழும்பிப் போச்சுதெண்டால், வாற வருசம் வெளிவீதியும் இல்லை, கிளிவீதியும் இல்லை."

ஆகவே கதிரவேல் ஒரு கிழமையாக வெளிவீதியில் அலைந்தார். அலைந்து கண்டதை எல்லாம் சொன்னால் நமக்கும் சாப்பாடு இறங்காது. ஓர் அரச நாடகத்தில் ராசாவின் தாடி ஒரு பக்கம் கழன்று தொங்கியது. ராசா அதை ஒரு கையால் பிடித்துக்கொண்டு மறுகையால் நாடு முழுவதையும் ஆண்டார். இன்னொன்றில் தாய்க்காரி பீற்றூட் சாற்றை இரத்தமாக இருமி, முன்வரிசையில் இருந்த கதிரவேலின் வெள்ளைச் சட்டையிலேயே அதைத் துப்பினாள். செத்து விழுந்த பிறகு தாகம் தாங்காமல் கோப்பையில் மிச்சம் இருந்ததை எடுத்துக் குடித்தும் முடித்தாள். குடியை ஒழிக்கும் நாடகத்தில் குடிகாரனாக வந்தவன் உண்மையாகவே குடித்துவிட்டு வந்து மேடை விளிம்பில் குடித்ததையெல்லாம் சத்தியெடுத்தான். சனம் அதற்கும் கைதட்டியது. "பார்க்க வேண்டாம்" பக்கத்தில் இடம் போதாமல் எழுத்தைச் சிறிதாக்கி எழுதவேண்டி வந்தது. மறுபக்கம் வெறுமையாகவே கிடந்தது.

மிச்சம் இருந்தது ஒரு குழுதான். கிண்ணியாவில் கணக்குப் படிப்பிக்கும் அபூதாஹிர் மாஸ்டரின் குழு. அவர் வாசிகசாலைக்கே வந்து கூப்பிட்டார்.

"மூடிக் கிடக்கிற பழைய பேக்கரி தெரியும்தானே, சேர்? நாளைக்கு நாலு மணிக்கு அங்க வாங்க. பொன்னாடை எல்லாம் எங்கள்ட்ட இல்ல. நாடகம் மட்டும்தான் இரிக்கி."

மறுநாள் கதிரவேல் போனபோது வெயில் இன்னும் தணியவில்லை. பேக்கரிக் கதவு பூட்டியிருந்தது. கதவிலிருந்து தெருவோரமாக ஒரு வரிசை. எதிரே மதகிலும் வேப்பமரத்தடியிலும் ஒரு கூட்டம் சும்மா குந்தியிருந்து அந்த வரிசையை வேடிக்கை பார்த்தது. நாடகம் உள்ளே நடக்கப்போகிறது, இவர்கள் உள்ளே போக நிற்கிறார்கள் என்று கதிரவேல் எடுத்துக்கொண்டார். அந்தக் காலத்தில் அதற்குமேல் யாரும் யோசிப்பதில்லை. வரிசையைக் கண்டால் எதற்கு என்று வாய் கேட்குமுன் கால் போய்க் கடைசியில் நின்றுவிடும். அவருடைய காலும் அப்படித்தான் நின்றது.

"வாங்கோ" என்று சொல்ல ஒருவரும் இல்லை. கதிரை கொண்டுவர ஒருவரும் இல்லை. முன்னால் நின்றவன் முதுகில் கருவாட்டு மணம். வரிசை நெடுகப் பேச்சு ஊர்ந்துகொண்டிருந்தது: துறைமுகத்தில் மாக் கப்பல் நிற்கிறதாம், இல்லை, அது திரும்பிப் போய்விட்டதாம். கதவடியில் சாயம்போன சேலையோடு ஒரு பெண், வெறும் பையை நெஞ்சோடு பிடித்துக்கொண்டு, "நேற்றும் வந்தனான், முந்தநாளும் வந்தனான்" என்று திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தாள். அந்தக் குரல் கதிரவேலின் மண்டைக்குள் போய்க் குடைந்தது. இந்த நாற்றத்துக்குள் நிற்கவா தன்னைக் கூப்பிட்டார்கள் என்று பற்றிக்கொண்டு வந்தது. வரிசையை விட்டு விலகி நேரே கதவடிக்குப் போனார்.

"ஐயா, நாங்களும் நிக்கிறம்" என்றாள் அந்தப் பெண்.

"விலத்தும். நான் நிண்டு வாங்கிற ஆளில்லை. வரிசை உங்களைப் போல ஆக்களுக்கு."

சொன்னதோடு விடவில்லை. தோளால் அவளை இடித்தார். பை கீழே விழுந்தது. அதில் கால் தடக்கியதும், "சீ, நாறுது" என்று உதைத்து எறிந்தார். கதவை ஓங்கித் தட்டினார், அது திறக்கவில்லை. மதகில் இருந்த கூட்டம் சிரித்தது. பிறகு கைதட்டவும் தொடங்கியது. கதவு திறக்கத் தெரியாத குழுவைத்தான் கிண்டல் பண்ணுகிறார்கள் என்று எண்ணிச் சைக்கிளில் ஏறினார் மனிதர். போகிற வழியிலேயே பலகையில் எழுதியும் விட்டார். "பார்க்க வேண்டாம். நாடகம் நடக்கவில்லை. நேரத்துக்குக் கதவு திறக்கத் தெரியாதவர்கள் நாடகம் போட வெளிக்கிடக் கூடாது."

வீட்டில் அவித்த மரவள்ளிக் கிழங்கும் சம்பலும் இருந்தன. மனைவி தங்கரத்தினம் தன் தட்டோடு எதிரே வந்து இருந்தாள். அவள் முகத்தில் ஒரு சிரிப்பு.

"நீங்களும் நடிச்சனீங்களாமே? எனக்கு ஒரு சொல்லுச் சொல்லேல்லை."

"ஆர் சொன்னது?"

"நபீஸா. தைக்கத் தந்த சட்டையை எடுக்க வந்தவ. மதகில இருந்து முழுக்கப் பாத்தவவாம். எல்லாரையும்விட உங்கட அவர்தான் திறம் எண்டு சொல்லிச் சொல்லிச் சிரிக்கிறா. அந்தப் பையை உதைச்ச மாதிரி உண்மையான பெரிய மனிசன்கூட உதைக்கமாட்டானாம்."

கதிரவேலுக்கு வாயில் இருந்த கிழங்கு உள்ளே போகவுமில்லை, வெளியே வரவுமில்லை.

"என்ன முழிக்கிறியள்? வரிசைதானே நாடகம். வாசல்ல நிண்டது எங்கட லிங்கநகர்த் தையல் ரீச்சர் பத்மாசனி. உங்களுக்குத் தெரியாதோ?"

தங்கரத்தினம் அவர் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். சிரிப்பு மெல்ல மெல்ல வடிந்தது.

"அப்ப, நீங்கள் உண்மையாத்தானோ உதைச்சனீங்கள்?"

பிறகு ஒன்றும் கேளாமல் தன் தட்டைத் தூக்கிக்கொண்டு குசினிக்குள் போய்விட்டாள். அவர் தனியே இருந்து கிழங்கைப் பார்த்துக்கொண்டிருந்தார். தொங்கிய தாடியையும் பீற்றூட் இரத்தத்தையும் குடிகாரன் சத்தியையும் ஒவ்வொன்றாக நினைத்தார். தன்னோடு வைத்துப் பார்க்க அவை எல்லாம் துப்புரவாகத் தெரிந்தன.

பலகையை அப்படியே விட்டுவிடலாம். தாடி ராசாவை மண்டபத்துக்கு அனுப்பிவிட்டால் இந்தக் கதை மதகோடு முடிந்துபோகும். விடியும்வரை அந்த எண்ணத்தோடுதான் படுத்திருந்தார் என்பதை மறைத்துப் பயனில்லை. ஆனால் காலையில் கந்தோருக்குப் போகிற வழியில் சைக்கிளை நிறுத்தி, ஈரத் துணியால் பலகையைத் துடைத்தார். ஒரு கிழமையாக வெறுமையாகக் கிடந்த பக்கத்தில் எழுதினார்: "பார்க்கலாம். அபூதாஹிர் மாஸ்டர் குழுவின் ‘வரிசை’ நாடகம். கடைசி நாள், மண்டபத்தில். நேற்று எழுதியது என் பிழை."

பின்னேரம் அபூதாஹிர் மாஸ்டர் தேடி வந்தார். சந்தோசமும் கூச்சமுமாக நின்றார்.

"அந்தப் பெரிய மனிசனா வரிசையை முறிச்சிப் போக நான்தான் வேசம் போட்டு நிண்ட, சேர். நீங்க முந்திட்டீங்க. இடையில வந்து தடுக்க எனக்கு வாய் வரல்ல. மன்னிச்சுக்கங்க."

மன்னிப்புக் கேட்கவேண்டியவர் யார் என்று கதிரவேலுக்குத் தெரியாமலா? சொல் தொண்டைவரை வந்தது. வெளியே வந்ததோ வேறு.

"ம்ம். மண்டபத்திலயாவது நேரத்துக்குத் தொடங்குங்கோ."

சொல்லிவிட்டு நாக்கைக் கடித்தார். தன் வாயைத் தானே காறித் துப்பலாம் போல் இருந்தது.

கடைசி நாள் மண்டபம் நிறைந்திருந்தது. பலகை சொன்னதென்றால் சனம் வராமல் இருக்குமா? புறொக்டரே அந்தப் பொன்னாடையைக் கதிரவேலுக்குப் போர்த்தித் தன் பக்கத்துக் கதிரையில் இருத்தினார். மஞ்சள் கறை வழக்கமான இடத்தில் முட்டியது. தங்கரத்தினம் அந்தப் பக்கம் பெண்களோடு இருந்தாள். பையை உதைத்த அன்றிலிருந்து அவள் அவரோடு சரியாகக் கதைக்கவில்லை.

திரை விலகியது. பூட்டிய கதவு, வரிசை, வெறும் பையோடு பத்மாசனி. தெருவில் கண்ட அதே ஆட்கள், அதே பேச்சு. கதிரவேல் கதிரைக் கையை இறுகப் பிடித்தபடி அந்தப் பெரிய மனிதனுக்காகக் காத்திருந்தார். மாஸ்டர் கோட்டுப் போட்டுக்கொண்டு வரப்போகிறார், தான் சொன்னதைத் தன் முகத்துக்கு நேரே சொல்லப்போகிறார் என்று நெஞ்சு அடித்துக்கொண்டது. அப்படி ஒருவரும் வரவில்லை. கப்பல் வந்ததாம், போனதாம். நேற்றும் வந்தனான், முந்தநாளும் வந்தனான். பின்னால் கொட்டாவி கேட்டது. கதிரைகள் தரையில் இழுபட்டன. வரிசையின் நடுவில், கோட்டில்லாமல், கையில் ஒரு பங்கீட்டுக் கூப்பனோடு நிற்பது அபூதாஹிர் மாஸ்டர் என்று அப்போதுதான் கதிரவேல் கண்டார்.

அவருக்கு விளங்கிவிட்டது. பெரிய மனிதனை வெட்டிவிட்டார்கள். முன்வரிசையில் இருக்கிற கதிரவேல் சேரின் முகம் கறுத்துவிடக் கூடாதென்று, உயிராக இருந்த இடத்தையே பிடுங்கி எறிந்துவிட்டு, வெறும் தோலை மேடையில் நிறுத்தியிருக்கிறார்கள். கழுத்தில் கிடந்த பொன்னாடையைவிட அந்த மரியாதை அவருக்கு அருவருப்பாக இருந்தது.

பின்வரிசை வாங்குகளில் ஆட்கள் எழும்பத் தொடங்கினார்கள். புறொக்டர் சரிந்து காதுக்குள் சொன்னார்: "இதுக்கோ காணும் பலகையில எழுதினனீர்? பாரும், சனம் போகுது. இதோட உம்மட வெளிவீதிக்கும் சரி."

கதிரவேல் எழுந்தார். வெளியே போகத்தான் எழும்புகிறார் என்று புறொக்டர் காலை ஒதுக்கி வழிவிட்டார். கதிரவேலோ பக்கத்துப் படியால் மேடைக்கு ஏறினார். பொன்னாடை தோளிலேயே கிடந்தது. வரிசையின் வாலில் நின்றவர்கள் அவரைக் கண்டதும் பேச்சைப் பாதியில் விட்டார்கள். மாஸ்டரின் கையிலிருந்த கூப்பன் நழுவி விழுந்தது. கதிரவேல் ஒருவரையும் பாராமல் நேரே கதவடிக்கு நடந்தார்.

பத்மாசனி ஒரு கணம்தான் திகைத்தாள். பிறகு பையை நெஞ்சோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டு சொன்னாள். "ஐயா, நாங்களும் நிக்கிறம்."

"விலத்தும்." குரல் நடுங்கியது. நடுங்கக் கூடாது என்று அதைத் திருத்திக்கொண்டு, அன்றைக்குச் சொன்ன அதே குரலில், முழு மண்டபத்துக்கும் கேட்கச் சொன்னார். "நான் நிண்டு வாங்கிற ஆளில்லை. வரிசை உங்களைப் போல ஆக்களுக்கு."

தோளால் இடித்தார். பை விழுந்தது. "சீ, நாறுது" என்று உதைத்தார். அது மேடை விளிம்பைத் தாண்டிப் போய்ப் புறொக்டரின் காலடியில் விழுந்தது.

வாசல்வரை போனவர்கள் நின்றுவிட்டார்கள். இருமல்கூட இல்லை. அந்த அமைதிக்குள், பெண்கள் பக்கத்திலிருந்து ஒரு குரல் வெடித்துக்கொண்டு வந்தது.

"சீ! நீயெல்லாம் ஒரு மனிசனோ?"

போன சனம் திரும்பி வந்து இருந்தது. கைதட்டல் மண்டபக் கூரையை அதிரவைத்தது. மாஸ்டர் அழுகிறாரா சிரிக்கிறாரா என்று தெரியவில்லை. கதிரவேல் மட்டும் பூட்டிய கதவைப் பார்த்தபடி, முகத்தைத் திருப்பாமல் நின்றார். வீட்டில் ஒருநாளும் அவரை நீ என்று சொல்லாத குரல் அது.

நாடகம் முடிந்ததும் பொன்னாடையைத் தானே கழற்றி மடித்து மேசையில் வைத்தார். வழக்கமான இரண்டு வார்த்தைக்கு அன்று அவரை ஒருவரும் கூப்பிடவில்லை. அதைத் தங்கரத்தினம் பேசிவிட்டிருந்தாள்.